த்ரோ எண்ணிப் பார்த்த ஒரு சீசன்

நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணி இந்த சீசனில் ஆடியது பதினொரு ஆட்டம். பதினொன்றையும் நேரில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் எனக்கு ஹார்டுவேர் கடை. ஆட்டம் இருக்கிற அன்று மதியத்துக்கு மேல் மச்சான் கல்லாவில் உட்கார வேண்டும் என்று ஜூன் மாதமே பேசி வைத்துக்கொண்டேன். இல்லையென்றால் இது நடந்திருக்காது.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பாடு அதில்தான் பட்டேன். ஜூலை மழையில் பேனாவால் எழுதிய முதல் ஆட்டம் இடைவேளைக்குள் நீல நீலமாகக் கரைந்துபோனது. அப்புறம் பென்சில்தான். கிரவுண்டை மூன்று பாகமாகப் பிரிக்க ஓரத்தில் நிற்கிற இரண்டு அயினி மரங்களை அடையாளமாக எடுத்துக்கொண்டேன். முதல் மரத்துக்கு இந்தப் பக்கம் நம்முடைய பாகம், இரண்டு மரத்துக்கும் இடையில் நடு, அதற்கப்புறம் எதிரணிப் பாகம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள், அதை மறந்து எழுதி ஒரு பக்கம் முழுவதும் அடித்துத் திருத்த வேண்டி வந்தது. ஷாட், கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது), பந்து பறிபோன இடம் இவ்வளவும்தான் குறித்தேன். பாஸ் எண்ணவும் முயற்சி செய்தேன். கண்ணை நோட்டுக்கும் கிரவுண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் நல்ல நகர்வெல்லாம் தப்பிப்போகிறது என்று இரண்டாவது ஆட்டத்திலேயே விட்டுவிட்டேன்.

அணியில் பாதிக்கு மேல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் பையன்கள். அந்தக் கடற்கரையில் கால்பந்து எப்படி என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்துதான் இந்திய அணி வரை போனார். ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் முதல் இரண்டு நட்பு ஆட்டத்துக்கு அப்பாமார், மாமன்மார் எல்லோரும் வந்து கோட்டோரம் வரிசையாக நின்றார்கள். ஆகஸ்டில் படகு இறங்கியதும் கோட்டோரம் காலியாகிவிட்டது. அந்தச் சத்தம் இல்லாமல் பையன்கள் ஆடுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நட்பு ஆட்டங்கள் நாலு. ஒன்பது கோல் வாங்கினோம். எல்லோரும் கீப்பரைத்தான் சொன்னார்கள். அவன் முதல் வருஷம், குலசேகரம் பக்கத்துப் பையன், குனிந்த தலை நிமிராமல் பஸ் ஏறுவான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை விரித்து ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் பந்து எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன். ஒன்பதில் ஆறு, நம்முடைய பாகத்தில் நாம் எறிந்த த்ரோவிலிருந்து ஆரம்பித்திருந்தது. எதிரணி த்ரோ இல்லை, நம் த்ரோ! எறிகிறோம், பறிகொடுக்கிறோம், நாலு ஐந்து நொடியில் பந்து வலைக்குள்.

உடனே பி.டி. சாரிடம் ஓடியிருப்பேன். நிறுத்தியது சார்லஸ் ரீப் கதை. இங்கிலாந்தில் 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் ஆட்டத்தின் நடுவில் பென்சிலும் நோட்டும் எடுத்துக் குறிக்க ஆரம்பித்தவர், விமானப்படையில் கணக்கு வேலை. பிறகு ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் குறித்தார். பெரும்பாலான கோல் மூன்று பாஸுக்குள் விழுகிறது, அதனால் பந்தைச் சுற்றிச் சுற்றித் தட்டாமல் சீக்கிரம் முன்னால் அனுப்பு என்றார். ஆனால் கால்பந்தில் பெரும்பாலான நகர்வே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகிறது, அப்படியானால் கோலும் அங்கேதானே அதிகம் இருக்கும்? கோலை மட்டும் எண்ணினால் போதாது, கோல் ஆகாமல் போனதையும் எண்ண வேண்டும். நான் செய்ததும் அதே தப்புதான். ஒரு ஆட்டத்தில் த்ரோ அடிக்கடி வருகிறது, அதனால் கோலுக்கு முன்னால் த்ரோ இருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

அதனால் அடுத்த மூன்று ஆட்டத்திலும் நம் பாகத்தில் நாம் எறிந்த ஒவ்வொரு த்ரோவையும் எழுதினேன். எறிந்து ஐந்து நொடி கழித்துப் பந்து நம்மிடம் இருந்தால் சரிக்குறி, இல்லையென்றால் பெருக்கல் குறி. ஒத்துப் பார்ப்பதற்காக அதே பாகத்தில் நமக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கையும் அப்படியே குறித்தேன். ஃப்ரீ கிக் பதினெட்டில் பதினாலு நம்மிடம் நின்றது. த்ரோ முப்பத்தொன்றில் வெறும் பதினொன்று. இனி சந்தேகமில்லை.

காரணம் என்னவென்று பையன்களிடமே கேட்டேன். இடது பேக் ஆடுகிற பூத்துறைப் பையன் சொன்னது இது: "அண்ணா, கரையில விளையாடும்போது த்ரோவே கிடையாதே. பந்து அலைக்குள்ள போனா எடுத்து வச்சு காலால தட்டுவோம்." சின்ன வயதிலிருந்து மணலில் ஆடிய கால்கள், ஒரு தொடுதலில் பந்தை அடக்குவதை இவர்கள் அளவுக்கு நன்றாகச் செய்பவர்களை நான் பார்த்ததில்லை. கையால் எறிவதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோட்டுக்கு வெளியே போனதும் யார் பக்கத்தில் நிற்கிறானோ அவன் எடுத்து, பலமாக முன்னால் எறிந்துவிடுவான். மழையில் நனைந்து செம்மண் ஒட்டிய பந்து வேறு, வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும்.

பி.டி. சார் நோட்டை வாங்கி நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "நாளைக்கு வா மக்களே" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பயிற்சியில் கால் மணி நேரம் த்ரோவுக்கு ஒதுக்கினார். லிவர்பூல் அணி 2018இல் டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் குரோனமார்க்கை த்ரோவுக்கு என்றே தனிப் பயிற்சியாளராக வைத்தது என்று நான் சொன்னதும் பையன்களின் முகம் மாறியது. அதுவரை அவர்களுக்கு அது வெறுமனே ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிற சடங்கு.

பழகியது மூன்று விஷயம். இரண்டு பக்கத்துக்கும் எறிகிறவன் யார் என்று முன்னமே முடிவு செய்தார்கள். இரண்டாவது, எறிகிறவனை எதிரணியில் யாரும் காவல் காப்பதில்லை, அதனால் பக்கத்தில் இருப்பவனின் காலுக்கு மெதுவாக எறிந்து, கோட்டுக்குள் வந்து அவனிடமிருந்தே திரும்ப வாங்குவது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தடுப்பாளர்களைத் தாண்டிப் போய் நின்று பந்து வாங்கினால் ஆஃப்சைட் என்ற தப்பு. த்ரோவில் நேராக வாங்குகிறவனுக்கு அது கிடையாது என்பது விதி, ஆனால் ஆட்டத்தின் வேகத்தில் தடுப்பாளர்கள் அதை மறந்து வரிசையாக முன்னேறி வந்துவிடுவார்கள். நம் வலது விங் ஆள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். கோட்டோரம் ஒரு துவர்த்து வைக்கவும் சொன்னேன், பந்தைத் துடைக்க. ரெஃப்ரி நேரத்தை வீணாக்காதே என்று ஒருமுறை கத்தினார், அது ஒன்றுதான் இடைஞ்சல்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அந்த மூன்றாவது விஷயம் ஒரே ஒரு முறை பலித்தது. கால் இறுதி, ஒன்றுக்கு ஒன்று, கடைசிப் பத்து நிமிடம். பூத்துறைப் பையன் துவர்த்தால் பந்தை இரண்டு தடவை துடைத்தான், இரண்டு காலும் தரையில் அழுத்தி, தலைக்குப் பின்னாலிருந்து முழு வளைவாக எறிந்தான். நம் ஆள் தனியாக நின்றான். எதிரணி ஸ்டாப்பர் கையைத் தூக்கி ஆஃப்சைட் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டான். பந்து ஒரு முறை தரையில் குதித்தது, நம் ஆள் வெளிக்காலால் கீப்பரைத் தாண்டித் தட்டிவிட்டான். நான் நோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். அந்தப் பக்கத்தில் இன்றும் சேறு இருக்கிறது.

திருநெல்வேலியில் அரை இறுதி. கோல் இல்லாமல் முடிந்து டைபிரேக்கரில் தோற்றோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை, நாகர்கோவில் வந்து ரசவடையும் சாயாவும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். கீப்பர் இரண்டு பெனால்டி தடுத்திருந்தான். அவனை யாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இரண்டு கோலில் ஜெயித்தோம்.

கடைசி நாலு ஆட்டத்தின் கணக்கு: நம் பாகத்தில் த்ரோ முப்பத்தெட்டு, நம்மிடம் நின்றது இருபத்தைந்து. த்ரோவிலிருந்து வாங்கிய கோல் ஒன்று. எல்லாம் பயிற்சியால்தான் என்று சொல்ல மாட்டேன், மழை விட்டுத் தரை காய்ந்திருந்தது, அதுவும் சேர்ந்திருக்கும். வரும் ஜூலையில் ஈரத்தரை, காய்ந்த தரை என்று தனித்தனிப் பத்தி போட்டு எழுதப் போகிறேன். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு நம்மிடமிருந்து இரண்டு பேரை அழைத்திருக்கிறார்கள், ஒருவன் அந்த இடது பேக். போன வாரம் கடைக்கு வந்து தன் த்ரோ பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.