பைத்தான் பொதிகளுக்குத் தனிச் சூழல்
டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) நிறுவும் கருவியான பிப் கொண்டு, எடுத்துக்காட்டாக ரிக்வெஸ்ட்ஸ் என்ற பொதியை நேரடியாக நிறுவ முயன்றால், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு பிழைச்செய்திதான் வரும். இயங்குதளத்தின் சில கருவிகளே பைத்தானை நம்பி இயங்குவதால், அவற்றுக்குரிய பொதிகளின் பதிப்பை நாம் அறியாமல் மாற்றிவிடக் கூடாது என்பதற்கான தடை அது. அதை மீறவும் வழி உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

முறையான வழி, ஒரு திட்டத்துக்கென்று தனிச் சூழலை உருவாக்கித்தரும் வென்வ் என்ற கருவி; 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் அது உடன்வருகிறது. ஆனால் டெபியனில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் உங்கள் திட்டக் கோப்புறைக்குள் சென்று, ஒரு பெயர் கொடுத்து வென்வை இயக்கினால், அப்பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். அதிலுள்ள 'பின்' என்ற உட்கோப்புறையில் பைத்தானும் பிப்பும் 'ஆக்டிவேட்' என்ற சிறுநிரலும் இருக்கும். சோர்ஸ் கட்டளையால் அச்சிறுநிரலை இயக்கியதும், முனையம் கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்னால் அந்த உட்கோப்புறை சேர்ந்துகொள்கிறது, மந்திரம் வேறொன்றுமில்லை. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தெரிந்தபின் பிப் மூலம் ரிக்வெஸ்ட்ஸை நிறுவினால், அது அக்கோப்புறைக்குள்ளேயே அமரும்.

புதிய முனையம் திறக்கும்போதெல்லாம் மீண்டும் ஆக்டிவேட் செய்ய வேண்டும். சூழல் வேண்டாமெனில் கோப்புறையை அழித்தால் போதும். ஆனால் அதை இடம் மாற்றாதீர்கள், முழுப் பாதையும் உள்ளே எழுதப்பட்டிருப்பதால் புதிய இடத்தில் புதிதாக உருவாக்குவதே நல்லது.