கிழக்கிலிருந்து மூன்று பேர்

30.11.2024 சனி

நத்தாருக்கு நாள் எண்ண 24 நெருப்புப்பெட்டியும் ஒட்டி முடிந்தது. இரவு 11.20. செப்டெம்பரில் இருந்து சேர்த்தவை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஆறு தந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தோடம்பழ இனிப்பு, ஒரு துண்டுக் கடதாசி. கடதாசியில் அன்றைக்குரிய வேலை. வேலை என்றாலும் எல்லாம் விளையாட்டுத்தான். "அம்மம்மாவின் தலையை வாரிப் பின்னிவிடு." "அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழுவு." "இன்று இரவு மின்மினி எத்தனை என்று எண்ணு." "பாலன் நித்திரை, இன்று எல்லாரும் குசுகுசுவென்றுதான் கதைக்கவேண்டும்."

பதினைந்து வரை கை தானாக ஓடியது. பிறகு ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. 24இல் "பாலனைத் தொட்டிலில் வை" என்று எழுதி மூடினேன். அதோடு சரி. பிள்ளைகள் நாள் எண்ணுவது அங்கேயே முடியவேண்டும்.

1.12.2024 ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. இவர் பழைய சைக்கிள் றிம் ஒன்றைக் கழுவி, சவுக்கங்கொப்பு சுற்றித் தந்தார். நான்கு மெழுகுதிரி. ஊதா மூன்று, றோஸ் ஒன்று. றோஸ் எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளைத் திரியில் றோஸ் கடதாசி சுற்றி வைத்திருக்கிறேன், கொளுத்துகிற நாளில் கழற்றவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஹம்பேர்க் கதை சொன்னேன். அங்கே விஹேர்ன் என்றொரு போதகர், ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தியவர். நத்தார் எப்ப, நத்தார் எப்ப என்று அவர்கள் ஓயாமல் கேட்டதில், 1839இல் ஒரு பழைய வண்டிற்சில்லை எடுத்து அதில் மெழுகுதிரிகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. நாளுக்கு ஒன்று கொளுத்தினால் எத்தனை நாள் மிச்சம் என்பது கண்ணுக்கே தெரியும். போனில் நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். 1839 மார்கழி முதலாந் திகதியும் ஞாயிறு. நாங்கள் இன்று எண்ணத் தொடங்குவதும் அதே 24 நாள்.

"வண்டிற்சில்லு எண்டால் மாட்டு வண்டிலா?" என்று சின்னவன் கேட்டான்.

"அந்தப் பிள்ளையளின்ர அம்மா எங்க போனவா?" என்று மூத்தவள் கேட்டாள்.

முதலாவது பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

2.12.2024 திங்கள்

மூன்று அரசர்களையும் வெளியில் எடுத்தாயிற்று. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனபோது வாங்கியவர்கள். ஒருவருக்குக் கை இல்லை, அது பஸ்ஸில் உடைந்தது. இவர்கள் குடிலில் நிற்கக்கூடாது, இன்னும் வந்து சேரவில்லை. வீட்டின் ஒரு மூலையில் புறப்பட்டு, நாளுக்கு ஓரடி நகர்ந்து, தை 6ஆம் திகதிதான் குடிலுக்குள் நுழையவேண்டும். பிள்ளைகள் எழும்பமுதல் நான் இடம் மாற்றவேண்டும், அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும்.

நான் குசினி அலுமாரிக்குள், அரிசிப் பேணிக்குப் பின்னால் வைத்தேன். மூத்தவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவை கிழக்கில இருந்துதான் வந்தவை. ஞாயிறு வகுப்பில சிஸ்டர் சொன்னவா. கிழக்கெண்டால் கடல் பக்கமெல்லோ?"

கொண்டுபோய்க் கிழக்குப் பக்கத்து யன்னல் கட்டில் வைத்துவிட்டாள். மூன்று அரசருக்கும் முகம் இந்தப் பக்கம். முதுகு கடலுக்கு.

3.12.2024 செவ்வாய்

வைக்கல் தேடி அலைச்சல். நல்ல காரியம் ஒன்று செய்தால் பாலனின் தொட்டிலுக்கு ஒரு வைக்கல் என்பது பிள்ளைகளோடு பேசிய கணக்கு. வயலெல்லாம் காலபோக நெல் பச்சையாக நிற்கிறது, வைக்கல் என்றால் சிறுபோகத்து மிச்சம்தான். போன கிழமை மழைக்குப் பட்டடையின் மேற்பக்கம் கறுத்து, புளித்த மணம். அக்காவின் மாமனார்தான் வழி காட்டினார். பட்டடையின் விலாவில் கையை முழங்கை வரைக்கும் விட்டு, உள்ளே இருந்து உருவவேண்டும். உருவியது பொன்னிறம். கையில் எடுத்தபோது மெல்லிய சூடு இருந்தது. இத்தனை மழைக்கும் உள்ளே நனையவே இல்லை. சின்னவன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாலனுக்குக் குத்தாது" என்றான்.

4.12.2024 புதன்

சின்னவனுக்கு வருகிற தையோடு 6 வயது.

6.12.2024 வெள்ளி

புனித நிக்கலஸ் திருநாள். மீறா பட்டணத்து ஆயர், இரவில் ஒருவரும் அறியாமல் ஏழைகளுக்குக் கொடுத்தவர். நத்தார் பாப்பா அவரில் இருந்துதான் வந்தார். ஐரோப்பாவில் பிள்ளைகள் முந்தின இரவு சப்பாத்தை வெளியில் வைப்பார்களாம். எங்களுடையவர்கள் விறாந்தையில் செருப்பை வைத்தார்கள். நான் வறுத்த கச்சானைக் கடதாசியில் சுற்றி வைத்தேன்.

காலையில் சின்னவனின் கத்தல் நாலு வீட்டுக்குக் கேட்டது. செருப்பில் கச்சானோடு ஒரு தவளையும்! "நிக்கலஸ் எனக்குத் தவளை தந்தவர், அக்காவுக்குக் கச்சான் மட்டும்தான்!" நாள் முழுக்க அதே கதை. அம்மாகூடச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மார்கழியில் அவர் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

8.12.2024 ஞாயிறு

இரண்டாவது திரி. மழை.

9.12.2024 திங்கள்

நித்திரை வரவில்லை.

பழைய வீட்டில் நெருப்புப்பெட்டியும் இல்லை, றிம்மும் இல்லை. அம்மா அடுப்புக்கரியால் கதவின் பின்பக்கம் 24 கோடு இழுப்பார். அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் பின்னேரமும் செபமாலை முடிய ஒன்றை அழிக்கவேண்டும். அழிப்பது தம்பியின் உரிமை. நான் மூத்தவள், என்னிடம் அந்த உரிமை இருந்தது, அவன் நடக்கத் தொடங்கியதும் பறித்துக்கொண்டான். எச்சில் தொட்டு அழிப்பான். அம்மா பேசுவார். கையைக் காற்சட்டையில் துடைப்பான், அதற்கும் பேசுவார். மார்கழி முழுக்க அவனுடைய வலது பெருவிரல் கறுப்பு.

ஜேர்மனியிலும் அப்படித்தானாம். அச்சடித்த நாட்காட்டிகள் வரமுன்னர், கதவில் 24 சுண்ணக்கட்டிக் கோடு போட்டு, பிள்ளைகள் நாளுக்கு ஒன்றாக அழிப்பார்களாம். இந்த வருடம்தான் வாசித்தேன். வாசித்தவுடன் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருந்தது. எழும்பி அறை வாசல் வரைக்கும் போனேன். சொல்லவில்லை.

அந்தக் கதவு எங்கே போயிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். பலாப்பலகைக் கதவு, மிதந்திருக்கும்.

10.12.2024 செவ்வாய்

அரசர்களை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்தேன். இவர் கவனிக்காமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். மூவருக்கும் சேதமில்லை.

13.12.2024 வெள்ளி

பெட்டியில் இருந்தது: "இன்று யாருக்காவது வெளிச்சம் கொடு." புனித லூசியாவின் நாள் என்பதால் எழுதியது, கண்பார்வைக்கு வேண்டிக்கொள்ளும் புனிதை. பக்கத்து வீட்டில் விளக்கீடு என்பது எழுதும்போது நினைவில் இல்லை. பிள்ளைகள் ஓடிப்போய் அக்காவோடு வாழைக்குற்றி நட்டு, சிரட்டையில் எண்ணெய் விட்டு, வேலி நீளத்துக்கும் கொளுத்திவிட்டு வந்தார்கள். இரண்டு வளவுக்கும் ஒரே வெளிச்சம். அக்கா இரண்டு சிட்டி எங்கள் குடிலடியிலும் கொண்டுவந்து வைத்தார். "பாலனுக்கும் இருக்கட்டும் பிள்ளை."

மூத்தவள் ஆளுக்கு ஒரு வைக்கல் என்று தீர்ப்புச் சொன்னாள். அக்காவுக்கும் ஒன்று.

15.12.2024 ஞாயிறு

றோஸ் திரியின் நாள், மகிழ்ச்சி ஞாயிறு. கடதாசியைக் கழற்றியபோது மெழுகிலும் றோஸ் சாயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவ்வளவு வடிவு! ஒளிவிழாவில் மூத்தவள் சம்மனசு, சின்னவன் ஆட்டுக்குட்டி. மேடையில் ஏறி "மே" சொல்ல மறந்து, இறங்கி எங்களிடம் வந்து சொன்னான்.

16.12.2024 திங்கள்

இன்று நவநாள் தொடக்கம்.

விடிய குசினிக்குள் போனேன். கதவின் பின்பக்கம் கரிக்கோடு. எண்ணினேன், ஒன்பது. அம்மா அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை, கேத்திலை எடுத்து வைத்தேன்.

பின்னேரம் செபமாலை முடிய "தம்பி, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். சின்னவனைத்தான். முதல் கோட்டை எப்படி அழிப்பது என்று காட்டினார். அவன் கையால் தேய்த்தான், போகவில்லை. "எச்சில் தொடு ராசா" என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

18.12.2024 புதன்

உடுப்பு எடுக்கப் போனோம். சின்னவனுக்கு நீலச் சேட் வேண்டுமாம், நங்கூரம் போட்டது. மஞ்சள் வடிவென்றேன், பச்சை வடிவென்றேன். கடைக்குள் நிலத்தில் இருந்துவிட்டான். எடுக்காமல் வந்தேன்.

19.12.2024 வியாழன்

முள்ளிவாய்க்கால் பக்கம் கடலில் ஒரு படகு. மியன்மாரில் இருந்து வந்த றோகிங்யா சனம், நூறு பேருக்கு மேல். சிறுபிள்ளைகள் 25 என்கிறார்கள். கடற்றொழிலாளர்கள் கண்டு உதவியிருக்கிறார்கள். சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடுகிறது. இவரும் பிஸ்கற்றும் போத்தல் தண்ணீரும் கட்டிக்கொண்டு போனார்.

அம்மா ஐந்து தரம் கேட்டுவிட்டார், பிள்ளைகளுக்குப் பால் குடுத்தவையோ என்று. எனக்குத் தெரியாது என்றால் விடுகிறார் இல்லை. இவரைப் போனில் எடுக்கச் சொன்னார், எடுத்தேன், தொடர்பு இல்லை. திரும்பக் கேட்டார்.

மூத்தவள் யன்னல் கட்டில் நாடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அம்மா, கிழக்கில இருந்து வந்திருக்கினம்."

20.12.2024 வெள்ளி

எல்லாரையும் திருகோணமலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கரையில் நின்று பார்த்ததை இவர் இரவு சொன்னார். படகின் விளிம்பில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாளாம் ஒருத்தி, நாங்கள் எல்லாரும் பார்க்கவேண்டும் என்பதுபோல. அதற்குமேல் சொல்லவில்லை, கை கழுவப் போய்விட்டார்.

இன்றைய பெட்டியில் "உன் இனிப்பை இன்னொருவருக்குக் கொடு" என்று இருந்தது. நவம்பரில் எழுதியது. சின்னவன் இனிப்பை உறையோடு தொட்டிலில் வைத்திருக்கிறான். அந்தப் பிள்ளைகள் திரும்பி வரும்போது கொடுப்பானாம்.

21.12.2024 சனி

கொக்கிஸ் சுட்டோம். 140. அச்சு சூடாகும்வரை முதல் பத்தும் உடைந்தது, அதெல்லாம் பிள்ளைகளுக்கு. சீனி முடிந்துவிட்டது.

22.12.2024 ஞாயிறு

நான்கு திரியும் எரிகிறது. முதல் திரி விரற்கடை அளவுதான் மிச்சம்.

கடல் வந்து இருபதாவது வருடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கும் ஞாயிறுதான். எனக்கு ஞாயிறுகள் பிடிப்பதில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை.

23.12.2024 திங்கள்

காலையில் அம்மா தனியாகக் கடைக்குப் போய்விட்டு வந்தார். பையைச் சின்னவனின் மடியில் வைத்தார். நீலச் சேட், நங்கூரம் போட்டது.

"அவன் கேட்டதை வாங்கிக் குடு பிள்ளை. கேட்டதை வாங்கிக் குடுக்கிறதுதான்."

24.12.2024 செவ்வாய்

கடைசிக் கோடு. கடைசிப் பெட்டி. தொட்டிலில் 61 வைக்கல், மூத்தவளின் கொப்பியில் கணக்கு இருக்கிறது. நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்து, இருவரும் சேர்ந்து பாலனை வைத்தார்கள். சின்னவன் முதலில் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தான். வலது பெருவிரல் கறுப்பு.

25.12.2024 புதன்

நத்தார் வாழ்த்து சொல்ல வந்த சனம் பின்னேரம் வரைக்கும். அக்கா வீட்டுக்குக் கேக்கும் கொக்கிஸும் கொண்டுபோனோம், அவர்கள் பாயசம் தந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஓடிக் களைத்து ஏழு மணிக்கே சோர்ந்துவிட்டார்கள்.

சின்னவன் சேட்டைக் கழற்ற விடவில்லை. வியர்வை, கறிக்குழம்பு, பிசுபிசுப்பு. அதோடேயே படுப்பேன் என்று அடம். நான் பொத்தானில் கை வைத்தேன். என் கை நடுங்கியது. என் தம்பியும் இப்படித்தான் கழற்றாமல் படுத்தான். வெள்ளையில் நீலக்கோடு. படத்தில்கூட அந்தச் சேட் இல்லை. கனடாவில் இருந்து மாமி அனுப்பிய கலியாணப் படத்தில் ஒருவருடைய முழங்கைக்குப் பின்னால் தெரிகிற முகத்தைத்தான் பெருப்பித்துச் சுவரில் வைத்திருக்கிறோம். கண் எது, நிழல் எது என்று தெரியாது.

"கழற்றாத, விடு" என்றார் அம்மா. "படுக்கட்டும்."

விளக்கை அணைத்த பிறகு இருட்டுக்குள் மூத்தவளின் குரல்: "அம்மா, பெட்டி முடிஞ்சுது. கோடும் முடிஞ்சுது. அரசர் மட்டும் இன்னும் நடக்கினமெல்லோ? நாளைக்கு எங்க நிற்பினம்?"

நான் யோசித்துவைக்கவில்லை. நாளைக்கு அவர்களை அலுமாரிக்குள் போட்டுவிட்டு 27இல் இருந்து தொடரலாம் என்றிருந்தேன்.

"கடற்கரைக்குத்தானே போறம்," என்றான் சின்னவன், நித்திரைக் குரலில். "கூட்டிக்கொண்டு போவம். அங்க இருந்துதானே நடக்கவேணும்."

அம்மாவின் பாயில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நெடுநேரத்துக்குப் பிறகு, "ஓம் ராசா" என்றார்.

26.12.2024 வியாழன்

காலை 4.40. அம்மா குளித்துவிட்டார். பூசை முடிந்து 9.25க்கு முதல் கரையில் நிற்கவேண்டும். மெழுகுதிரி, பூ, நெருப்புப்பெட்டி எடுத்துவைத்தாயிற்று. யன்னல் கட்டில் அரசர்கள் இல்லை. சின்னவனின் காற்சட்டைப் பை புடைத்திருக்கிறது. சேட் இன்னும்