முயலுக்கு அடைக்கலம் தந்த மெலாங்கெல்

வேல்ஸின் பவிஸ் பகுதியில், பெர்வின் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள லாங்கினொக் என்னும் சிற்றூரிலிருந்து, எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டிய குறுகிய சாலை ஏறத்தாழ இரண்டு மைல் தூரம் பள்ளத்தாக்குக்குள் செல்கிறது. அது முடிகிற இடத்தில் இருக்கிறது பென்னந்த் மெலாங்கெல். ஊர் என்று சொல்லுமளவுக்கு அங்கே வீடுகள் இல்லை. மலைகள் சூழ்ந்த பசும்புல்வெளியில், வட்டமான கல்லறைத் தோட்டத்தின் நடுவே, ‘யூ’ என்னும் மிகப் பழமையான பசுமைமாறா மரங்களின் நிழலில், புனித மெலாங்கெலின் பெயரில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறிய கிறிஸ்தவக் கற்கோயில் நிற்கிறது.

மெலாங்கெல் அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள் என்றும், தந்தை பேசி முடித்த திருமணத்தை மறுத்து, கடல் கடந்து இந்தப் பள்ளத்தாக்கில் தனியே தவவாழ்வு நடத்தினார் என்றும் மரபுக்கதை சொல்கிறது. 604ஆம் ஆண்டில் பவிஸ் மன்னன் ப்ரோக்வெல் முயல் ஒன்றை விரட்டிக்கொண்டு வந்தபோது, அது முட்புதருக்குள் செபத்தில் ஆழ்ந்திருந்த மெலாங்கெலின் ஆடைக்குள் புகுந்துகொண்டது. மன்னன் ஏவ ஏவ நாய்கள் ஊளையிட்டுப் பின்வாங்கின. வேட்டைக்காரன் ஊதவெடுத்த கொம்பு உதட்டோடு ஒட்டிக்கொண்டது. மனம் மாறிய மன்னன் அந்த நிலம் முழுவதையும் அவருக்கே அளித்து, ஓடி வருவோர்க்கெல்லாம் புகலிடமாக இருக்கட்டும் என்றான். அங்கே அவர் துறவுப் பெண்களின் குழுமத்திற்குத் தலைவியாக 37 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதே வேல்ஸில் புனித வினிஃப்ரெட் என்ற பெண்ணைத் துன்புறுத்திய கராடாக் என்பவன் அந்த இடத்திலேயே விழுந்து மாண்டான் என்பார்கள். மெலாங்கெல் கதையில் யாரும் சாகவில்லை, துரத்தியவனும் திருந்துகிறான். அதனாலேயே இந்தக் கதை எனக்கு நெருக்கமாகிறது.

கோயிலுக்குள்ளே, மக்கள் நிற்கும் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரிக்கும் 15ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பு ஒன்று இருக்கிறது. அதன் மேற்பட்டையில் இந்தக் கதையே செதுக்கப்பட்டுள்ளது. தலையை உயர்த்திப் பார்த்தால், கொம்பை வாயில் வைத்த வேட்டைக்காரனையும் மெலாங்கெலையும் அவரை நோக்கி ஓடும் முயலையும் நாய்களையும் இலைக்கொடிகளுக்கிடையே அடையாளம் காணலாம். உருவங்கள் சிறியவை, கண் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது.

தடுப்பைத் தாண்டினால் புனிதரின் நினைவுப் பீடம். தூண்களும் அரைவட்ட வளைவுகளும் தாங்க, செங்குத்தான கூரையோடு உயர்ந்து நிற்கும் இது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் புனிதர் வணக்கத்தை எதிர்த்தெழுந்த சமயச் சீர்திருத்தக் காலத்துக்குப்பின் பீடம் உடைக்கப்பட்டது. ஆனால் அதன் கற்கள் தொலைந்துபோகவில்லை. ஆலயச் சுவரிலும் தோட்டத்து நுழைவாயிலிலும் அவை கட்டுமானக் கற்களாகப் பதிக்கப்பட்டிருந்தன. பக்தியினால் காத்தார்களா, கல் வீணாக வேண்டாம் என்ற சிக்கனமா என்பதை இன்று யார் சொல்ல முடியும்? அவற்றைப் பெயர்த்தெடுத்து 1958இல் ஒருமுறையும், ஆலயம் முழுவதுமே புதுப்பிக்கப்பட்ட 1990களின் தொடக்கத்தில் மறுமுறையும் பீடத்தைக் கட்டியெழுப்பினார்கள். அருகில் சென்று பார்த்தால், இலை வடிவம் செதுக்கிய தூண்தலைகளில் தேய்ந்த பழைய கல்லும் இடைவெளி நிரப்பிய புதிய கல்லும் வேறு வேறாகத் தெரிகின்றன.

பீடத்தில் பயணிகள் தம் மன்றாட்டுகளைச் சீட்டுகளில் எழுதி வைக்கிறார்கள். பெரும்பாலானவை நோயாளிகளுக்கானவை. நானும் மருத்துவமனையில் இருக்கும் உறவினர் ஒருவரின் பெயரை எழுதி வைத்து, முழந்தாளிட்டுச் செபித்தேன். பீடத்துக்குப் பின்னால், பழைய அடித்தளத்தின் மீதே மீண்டும் எழுப்பிய அரைவட்ட அறையில் கல்லறைப் பலகை ஒன்று இருக்கிறது. மெலாங்கெல் அடக்கம் செய்யப்பட்ட இடமாக அதைப் போற்றுகிறார்கள்.

இவ்வூரார் முயல்களை ‘மெலாங்கெலின் ஆட்டுக்குட்டிகள்’ என்றே அழைத்தார்கள். வெகுகாலம் இந்த ஆலயத்துக்கு உட்பட்ட பங்குப் பகுதியில் எவரும் முயலைக் கொல்லவில்லை. நாய் துரத்தும் முயலைப் பார்த்து, கடவுளும் மெலாங்கெலும் உன்னோடிருக்கட்டும் என்று கூவினால் அது தப்பிவிடும் என்றும் நம்பினார்கள். அவருடைய திருநாள் மே 27.