அண்ணனைக் குப்புறப் படுக்க வைக்க நாங்கள் பட்ட பாடு

ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் நுரையீரலைப் பிடித்து அண்ணனை வென்டிலேட்டர் வரை கொண்டுபோய் விட்டது. ஐசியூவில் சேர்த்தது, மூச்சுக்குழாயில் டியூப் போட்டது, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தது எல்லாம் மளமளவென்று நடந்தன. அலைச்சல் அதற்குப் பிறகுதான்.

நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் அதன் அளவு ஏறவில்லை. குப்புறப் போட்டால் ஏறும், ஆனால் ராத்திரி ஷிஃப்டில் அதற்கு ஆள் இல்லை என்றார்கள். அது நியாயம்தான். ஒருவர் தலைமாட்டில் நின்று டியூபை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். திருப்ப, இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். டியூப் நழுவினால் உயிர் போய்விடும். எனக்கு ஆறாத கோபம், இதை மறுநாள் சாயங்காலம் வரை சொல்லாமல் இருந்ததில். வென்டிலேட்டர் போட்ட அன்றைக்கே கேளுங்கள்: "இங்கே ப்ரோன் பண்ணுவீங்களா, அதாவது குப்புறப் போடுவீங்களா? ராத்திரியிலும் பண்ணுவீங்களா?"

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெட் இருப்பதாக போனில் சொன்னார்கள். ஃபைலோடு ஓடினால், சம்மரியில் ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் இல்லை, வாங்கி வாருங்கள் என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை, மெஷின் கொடுக்கும் ஆக்சிஜன் அளவால் வகுத்து வரும் கணக்கு 150-க்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் குப்புறப் போடுவார்களாம். அந்த ரிப்போர்ட்டை தினமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக அண்ணனை அங்கே மாற்றினோம். "குப்புறப் போட்டா மூச்சு முட்டாதா டாக்டர்?" என்று அண்ணி அழுதார். "மல்லாந்து படுத்தா இதயமும் வயிறும் நுரையீரலோட முதுகுப் பக்கத்தை அழுத்துதும்மா. திருப்பினா அந்தப் பக்கம் விரியும்" என்றார் புது டாக்டர். 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குறைந்தது 16 மணி நேரம் இப்படிப் படுக்க வைத்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம் என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினார். மறுநாள் காலையில் கொடுக்கும் ஆக்சிஜனை அறுபது சதவீதத்துக்குக் குறைத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அண்ணி ஒரு வாய் காபி குடித்தார்.

ஆனால் முகத்தைப் பார்த்தபோது உடைந்துபோனோம். கண்ணிமை இரண்டும் பலூன் போல வீங்கி, உதடு தடித்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. இப்படி வீங்கும், மல்லாத்தியதும் வடிந்துவிடும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தாடையில் அழுத்தப் புண்ணும் வந்துவிட்டது. நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர் கன்னத்துக்கு அடியில் ஜெல் பேட் வைத்து, கண்ணுக்கு ஆயின்ட்மென்ட் போட்டு மூடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலையையும் கையையும் மாற்றி வைத்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறிவிட்டது, வலது தோளைத்தான் இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை. நரம்பு இழுபட்டிருக்கிறது என்கிறார் பிசியோ. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதி வாங்க மறுபடியும் போய் நின்றேன். கிளம்பும் முன்பே கையை அசைக்கச் சொல்லிப் பார்த்து, குறை இருந்தால் எழுதி வாங்கிவிடுங்கள்.