குடம் அடித்தவருக்கு நலிந்த கலைஞர் நிதியுதவி: எங்கள் அனுபவம்

வில்லுப்பாட்டு எனப்படும் வில்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாளக் கருவியான குடம் அடித்து வந்த என் அப்பாவுக்கு, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் நலிந்த கலைஞர் நிதியுதவி கிடைத்திருக்கிறது. மாதம் 3,000 ரூபாய். எங்கள் வீட்டின் வறுமையை நிரூபிப்பது எளிதாகவே முடிந்தது. அவர் ஒரு கலைஞர் என்பதை நிரூபிக்கத்தான் நெடுநாள் அலைந்தோம். வில்லின் முன் அமர்ந்து கதை பாடி குழுவை நடத்தும் புலவருக்கு இந்தச் சிரமம் அவ்வளவாக நேராது. அவரோடு அமர்ந்து குடமும் உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் வாசிப்பவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரங்களில் முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் கோவில்களில் நடைபெறும் கொடை விழாக்களை நம்பித்தான் வில்லிசைக் கலைஞர்களின் ஆண்டு ஓடுகிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஊரடங்கு கொடைக்காலத்திலேயே வந்து விழுந்ததால், அதுவரை சிறுகச் சேர்த்திருந்தவை எல்லாம் கரைந்து போயின. அதிலிருந்து மீள்வதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபின் பேச்சு தெளிந்தது. இடது கை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு கையால் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையை அறைந்துகொண்டே மறு கையால் குடத்தின் உடலில் தாளம் தட்ட வேண்டிய தொழிலில், ஒரு கை போனால் தொழிலே போனதுதான். அந்தக் கொடைக்காலம் முழுவதும் குழுவினர் தங்கள் கூலியிலிருந்து அவருக்கென ஒரு பங்கை எடுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களும் அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள் என்பதால், அதை நிரந்தர ஏற்பாடாக எண்ணிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

கலைஞர்களுக்கான அரசு உதவி என்றவுடன் பலரும் இரண்டு தனித்தனி ஏற்பாடுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு, பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு அவ்வப்போது உதவித்தொகை உண்டு. முதுமையாலோ நோயாலோ கலைத்தொழிலைத் தொடர இயலாமல் நலிவுற்ற கலைஞர்களுக்கு மாதந்தோறும் வரும் நிதியுதவி, சென்னையில் இயங்கும் இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக வருவது. எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. ஆனாலும் அப்பாவிடம் வாரிய அட்டை ஏற்கெனவே இருந்திருந்தால், அவர் கலைஞர் என்பதற்கு அதுவே ஒரு நல்ல சான்றாக அமைந்திருக்கும்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தோம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் வட்டாட்சியரிடமிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவமனை ஆவணங்கள் ஆகியவையும் கையில் இருந்தன.

கலைச் சான்றுக்குத்தான் திணறினோம். கொடை நோட்டீஸ்களில் புலவரின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன்கீழ் ‘குழுவினரின் வில்லிசை’ என்று முடித்துவிடுவது வழக்கம். வீட்டில் அம்மா பத்திரப்படுத்தியிருந்த நோட்டீஸ்களில் அப்பா வாசித்த கொடைகள் எல்லாம் இருந்தன. அப்பாவின் பெயர் ஒன்றில்கூட இல்லை. திருநெல்வேலி வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுக்குப் போய்வந்ததற்கான கடிதமும் புலவர் பெயரில்தான் இருந்தது. புகைப்படங்களில் வில்லும் அதன் நாணைத் தட்டும் வீசுகோலும் புலவரின் முகமும் தெளிவாக விழுந்திருக்க, அப்பாவின் தோளும் குடத்தின் விளிம்பும் மட்டுமே ஓரத்தில் தெரிந்தன. ஒரு பாட்டின் வேகத்தையே தன் கையில் வைத்திருந்த மனிதருக்குத் தாளில் இடமில்லாமல் போனது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. இன்றும் அந்த வேதனை மாறவில்லை.

அப்பா முன்பு வாசித்த ஊர்களுக்குச் சென்று கோவில் நிர்வாகிகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஓர் ஊரில் பழைய கொடைகளின் வரவு செலவு நோட்டைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். அதில் வில்லிசைக்குக் கொடுத்த தொகையின்கீழ், குடத்துக்குத் தனியாகக் கொடுத்த அன்பளிப்பு அப்பாவின் பெயரோடு பதிவாகியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலையும் கோவில் முத்திரையுடன் ஒரு கடிதத்தையும் அவர்கள் மனமுவந்து தந்தார்கள். வேறோர் ஊரில், கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர் ஒருவர் வீட்டில் கொடை வீடியோ இருந்தது. அதிலிருந்து அப்பா குடத்தோடு முழுமையாகத் தெரியும் படங்களை எடுத்துக்கொண்டோம்.

அப்பாவின் குழுவை நடத்திய புலவர் மாமாவும் வேறு இரண்டு குழுக்களின் புலவர்களும் சான்றுக் கடிதம் கொடுத்தார்கள். இத்தகைய கடிதத்தில் ‘சிறந்த கலைஞர், உதவி செய்யவும்’ என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் குழுவில், எந்தக் கருவியை, எந்தெந்தக் கோவில் கொடைகளில் வாசித்தார் என்பதையும், இப்போது ஏன் வாசிக்க இயலவில்லை என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும். அப்பாவை ஊரெல்லாம் அழைக்கும் பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது வேறு. ஆகவே எல்லாக் கடிதங்களிலும் இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்து வாங்கினோம்.

இவற்றுடன் திருநெல்வேலியிலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் தாள்களைப் பார்த்த பிறகு, முத்தாரம்மன் கதையில் எந்த இடத்தில் குடம் வேகம் பிடிக்கும் என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா வாயால் ஜதி சொல்லி, வலது கையால் மேசையில் தட்டிக் காட்டினார். உதவி கேட்கும் தயக்கத்தோடு தலைகுனிந்து வந்தவரை, தொழில் தெரிந்தவராக நடத்திய அந்தக் கேள்விக்கு நான் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

பிறகு நீண்ட காத்திருப்பு. ஒப்புதல் வந்து வங்கிக் கணக்கில் முதல் தொகை சேர்ந்தபோது, மருந்துச் செலவுக்கு இனி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அப்பாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவரோடு உடுக்கை வாசித்த மாமா இன்னும் நலமாகத் தொழில் செய்கிறார். அவரை இப்போதே நல வாரியத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். வாசித்த கோவில்களின் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சான்று தரக்கூடிய மூத்த புலவர்கள் சிலருக்கு எண்பது வயது நெருங்குவதால், அவர்களுடைய கடிதங்களை இந்தக் கொடைக்காலம் தொடங்குமுன் வாங்கிவிட வேண்டும்.