எடை நல்லா வந்திருக்கு

எங்கள் அறுப்பு ஆலைக்கு மாடு கொடுத்த பண்ணைக்காரர் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, நம்ம மாடெல்லாம் எப்படி வந்துச்சு?"

"எடை நல்லா வந்திருக்குங்க ஐயா" என்றேன்.

பொய் இல்லை. எடை நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் போன் காதில் இருந்தபோதே அந்த லாட்டின், அதாவது அவர் ஒரு தடவையாக அனுப்பிய மாடுகளின், தாள் மேஜைமேல் விரிந்து கிடந்தது. 22 மாடுகள். 9 ஈரலைக் கழித்திருந்தோம், தட்டைப்புழு. 4 மாடுகளின் கறியில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மறுநாள் காலை 6-க்கு மேல் இருந்தது. ஐந்தாறு உடல்களில் தொடைப் பக்கம் கன்றிப்போன சதையைச் செதுக்கி எடுத்திருந்தோம். எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது.

அவர் "சரி தம்பி, சந்தோஷம்" என்று வைத்துவிட்டார். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாலு வருடமாக அந்த ஒரு நிமிடத்தைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன்.

ஈரல் விஷயத்தை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். தட்டைப்புழு பழசாகிப்போன ஈரலை அறுத்தால் கத்தி நறநறவென்று மணலில் ஓடுவதுபோல் ஓடும். பித்தக் குழாய் சுண்ணாம்பு பூத்துக் கெட்டிப்பட்டிருக்கும். அழுத்தினால் இலை மாதிரி தட்டையாகப் புழு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மாடு உயிரோடு இருக்கும்போது இதில் பெரும்பாலும் எதுவும் வெளியே தெரியாது. மேயும், அசை போடும், கொஞ்சம் மெதுவாக எடை ஏறும், அவ்வளவுதான். வளர்த்தவர் சாணியைச் சோதிக்கக் கொடுத்தாலொழிய தெரிந்துகொள்ள வழி குறைவு. கண்ணால் பார்ப்பவன் அறுக்கும் இடத்தில் நிற்கிறவன் ஒருவன்தான். அன்றைக்கு அந்த ஒருவன் நான்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை? அங்கேதான் பி.எச். வருகிறது.

நிம்மதியாக வந்த மாட்டின் தசையில் கிளைகோஜன் என்கிற சர்க்கரை இருப்பு இருக்கும். அறுத்தபிறகு அது லாக்டிக் அமிலமாகி, 7 சுமாரில் இருக்கும் பி.எச். ஒரு நாளில் 5.5 பக்கம் இறங்கிவிடும். மிரண்டோ, முட்டி மோதியோ, பட்டினி கிடந்தோ அந்த இருப்பைக் கரைத்துவிட்டு வந்த மாட்டில் அமிலமாக மாற ஒன்றும் மிஞ்சாது, பி.எச். இறங்காமல் மேலேயே நிற்கும். கறி கறுத்துவிடும், தொட்டால் பிசுபிசுக்கும், காற்றை உறிஞ்சி மூடும் வேக்கம் பையில் சீக்கிரம் கெடும். மாட்டுக்கு அந்த இருப்பு திரும்ப ஏறச் சில நாட்கள்கூட ஆகும். ஒரு ராத்திரி தண்ணீர் காட்டி நிறுத்திவைத்தால் சரியாகிவிடும் என்பதெல்லாம் நம் ஆசை.

கறுத்த கறிக்குக் காரணம் பண்ணையாக இருக்கலாம், லாரியாக இருக்கலாம். அந்த லாட்டில் நாங்கள்தான் என்று எனக்குக் கிட்டத்தட்ட தெரியும். முந்தின நாள் அறுப்பு லைன் நின்றுபோய், மாடுகளைக் கூடுதலாக ஓர் இரவு நிறுத்தினோம். இடம் பற்றாமல் வேறொருவர் மாடுகளோடு ஒரே கொட்டிலில் அடைத்தோம். முகம் தெரியாத மாடுகளைச் சேர்த்து விட்டால் யார் பெரியவன் என்று தீருகிறவரை முட்டிக்கொள்ளும். பல நாளான அடி மஞ்சள் தட்டியிருக்கும். நாங்கள் செதுக்கியதெல்லாம் செக்கச்செவேல், புது அடி.

ஈரலைச் சொன்னால், "வேற என்ன தம்பி?" என்று கேட்பார். கேட்கிற ஆள்தான். அதற்குப் பதில் சொன்னால் எங்கள் கொட்டில் வரைக்கும் பேச்சு வந்து நிற்கும். அதனால் மொத்தமாக மூடிவிட்டேன். எங்கள் குறையை மறைப்பதற்காக அவர் மாட்டின் நோயையும் சேர்த்து மறைத்தேன். எழுதிப் பார்க்கும்போது இவ்வளவு மோசமாகத் தெரிகிறது. அன்று அது வேலையின் ஒரு பகுதி மாதிரிதான் இருந்தது. மேலிடத்தில் யாரும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை.

எனக்கென்று சில நியாயங்கள் வைத்திருக்கிறேன். குறைகள் எழுதிய தாள் வெளியே போனால் முதலில் அது விலையைக் குறைக்கத்தான் பயன்படும்; வளர்த்தவர் கைக்குப் போகுமுன் இடையில் வாங்கி விற்பவர் கைக்குப் போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கற்பனை இல்லை. ஆனால் அவர் இடையில் ஆள் வைக்காமல் நேராகக் கொடுத்தவர். அந்த நியாயம் அவருக்குப் பொருந்தாது. இருந்தும் மனசு உறுத்தும்போதெல்லாம் அதைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

அதே வருடம் எங்களிடம் வாங்கி வெட்டிப் பொட்டலம் போடும் இடத்திலிருந்து பில்லில் ஒரு தொகையைக் கழித்திருந்தார்கள். விசாரித்தால், இரண்டு மாதமாகச் சில பைகளில் கறி பச்சை பூத்திருக்கிறதாம். பி.எச். ஏறிய கறியில் வரக்கூடியதுதான். "ரெண்டு மாசமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே, எந்த லாட்டுன்னு நாங்க எங்க போய்த் தேடுவோம்?" என்று கத்தினேன். எதிர்முனையில் இருந்தவர் சாதாரணமாக, "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

அவர் பக்கம் அந்தப் பதிலாவது இருந்தது. என்னிடம் ஒருவர் போன் போட்டே கேட்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பண்ணைக்காரருடைய அடுத்த லாட் வந்தது. 24 மாட்டில் 13 ஈரல். இந்த முறை நானே கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "போன தடவையும் இருந்துச்சா தம்பி?"

"அப்ப தனியா குறிச்சு வைக்கலைங்க ஐயா."

முதல் தடவை சொன்னது பாதி உண்மை. இது முழுப் பொய். யோசிக்காமல் வாயில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை, அந்தக் கேள்வி வரும் என்று போனை எடுக்கும் முன்னாலேயே எனக்குத் தெரியும்.

அவர் கால்நடை மருத்துவரைப் பார்த்தார். மருந்து கொடுத்து, அறுப்புக்கு முன் விட வேண்டிய இடைவெளியையும் விட்டார். அந்தப் புழுவைப் பரப்பும் நத்தை மண்டும் சதுப்பு ஓரத்துக்கு மாடு போகாதபடி வேலி போட்டார். அதற்கடுத்த லாட்டில் 20-க்கு 3 ஈரல்தான். நான் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது என்று நன்றி சொன்னார். நான் "என்னங்க ஐயா இதுக்குப் போய்" என்றேன். அடக்கமானவன் என்று நினைத்திருப்பார்.

இப்போது எங்கள் ஆலையில் மாடு கொடுக்கும் எல்லோருக்கும் ஒரு தாள் போகிறது. நான் போராடிக் கொண்டுவந்தது என்று இங்கே சொல்வார்கள். எடை, கொழுப்பு, ஈரல், காயம், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் போன் செய்தால் எடையை விட்டுவிட்டு, "ஈரல் எப்படி தம்பி?" என்றுதான் ஆரம்பிக்கிறார். படித்துக் காட்டுகிறேன்.

பி.எச். கட்டம் அந்தத் தாளில் இல்லை. அது ஆலைக்குள் வைத்துக்கொள்ளும் தாளில் இருக்கிறது. படிவத்தை வரைந்தவனும் நான்தான். அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது, அதனால் கேட்பதும் இல்லை.