மாணவர்களே இல்லாத வகுப்பு

வீட்டுத் தோட்டம், உணவைக் கெடாமல் பாதுகாப்பது, ஆரோக்கியச் சமையல் மூன்றையும் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே புரிந்துவிட்டது, அங்கே மாணவர் என்று ஒருவர்கூட இல்லை. வந்திருந்த அத்தனை பேரும் ஆசிரியர்கள். சொல்லிக் கொடுக்க என்று நியமிக்கப்பட்ட டீச்சர் மட்டும்தான் ஏதோ கற்றுக்கொள்ள வந்தவர் மாதிரி கையில் நோட்டோடு நின்றார். வயசும் குறைவு, பாவம்.

தோட்டப் பாடம் ஒரு புகாரோடு தொடங்கியது. ஓய்வு பெற்ற சார் ஒருவர் எழுந்து, "என் பூசணிக்கொடி கொத்துக் கொத்தாகப் பூத்தது, ஒன்றுகூடக் காய்க்கவில்லை. விதையில் கலப்படம்" என்றார்.

"பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி ஏதாவது இருந்ததா சார்?"

"இல்லையே."

"அப்படியானால் எல்லாம் ஆண் பூ. பூசணியில் பெரும்பாலும் அதுதான் முதலில் வரும், கொட்டிவிடும். பெண் பூ பின்னால் வரும். தேனீ வராத இடமாக இருந்தால் நீங்களே காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தடவிவிடுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்."

சார் கூச்சத்தோடு அக்கம் பக்கம் பார்த்தார். "நானா?" என்றார் மெதுவாக. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "தரகு எவ்வளவு சார் வாங்குவீங்க?" அதற்குப் பிறகு மண், எரு, வெயில் பற்றி டீச்சர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. வாடிய செடியெல்லாம் தாகத்தில் வாடுவதில்லையாம். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை அப்படித்தான் தொங்குமாம்.

உண்மையான போர் உணவுப் பாதுகாப்பு வகுப்பில்தான் மூண்டது. முன்வரிசையில் ஓர் அம்மா. டீச்சர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஜாடி ஜாடியாக ஊறுகாய் போட்டுவைப்பவர். அவர் முகத்தைப் பார்த்தே டீச்சர் வரலாற்றில் தொடங்கினார், பாதுகாப்பான இடம் என்று நினைத்திருப்பார் போல. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வைத்துக் கெடாமல் காத்ததையும், 1810ல் அதற்காக அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்ததையும் சொன்னார். "ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் என்ற விஞ்ஞானி விளக்கியது பல வருஷம் கழித்து."

அம்மா பிடித்துக்கொண்டார். "பார்த்தியா? காரணம் தெரியாத மனுஷனுக்குப் பரிசு. என்னிடம் மட்டும் காரணம் கேட்கிறே."

டீச்சர் அசரவில்லை. பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காயைப் புட்டியில் அடைத்தால் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்து உள்ளேயே இருக்கும், 100 டிகிரியில் கொதிக்கவைத்தாலும் சாகாது, காற்றில்லாத இடம்தான் அதற்குச் சொர்க்கம் என்றார். கிட்டத்தட்ட 116 டிகிரிக்கு மேல் போனால்தான் அடங்கும், அதற்கு அழுத்தம் வேண்டும் என்றதும், "எத்தனை விசில்?" என்று மூன்று பேர் சேர்ந்து கேட்டார்கள். விசில் கணக்குக்கு இங்கே வேலையில்லை, புட்டி அடைப்பதற்கென்றே அழுத்தம் அளக்கும் தனிப் பாத்திரம் இருக்கிறது என்றார். மூவருக்கும் ஏமாற்றம்.

"கெட்டுப்போனால் எனக்கு வாடையிலேயே தெரிந்துவிடும்" என்றார் அம்மா.

"அந்தப் பாக்டீரியா விடுகிற நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லைம்மா."

அரங்கம் அமைதியானது. அந்த அமைதியில் டீச்சர் புளிப்பை அளக்கும் பிஎச் தாளை எடுத்தார். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது, தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நடப்பது, அதனால் அரை லிட்டர் புட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அதுவும் கடையில் விற்கிற புட்டிச் சாறு. மரத்துப் பழத்தில் புளிப்பு ஏறி இறங்கும், புட்டியில் ஒரே அளவு.

"வீட்டில் மரம் வைத்துக்கொண்டு கடைச் சாறா?" அம்மாவின் குரல் உடைந்தே போயிற்று. பொட்டுலினம்கூட அவரை இவ்வளவு பாதிக்கவில்லை.

தாளைக் கையில் கொடுத்தது டீச்சரின் பெருந்தவறு. தக்காளிக்கூழில் நனைத்தவர்கள் அடுத்துக் காபியில் நனைத்தார்கள், குடிதண்ணீரில் நனைத்தார்கள். பூசணி சார் தன் நாக்கில் ஒட்டிப் பார்த்து, "நான் புளிப்பா?" என்று கவலையோடு காட்டினார். நிறப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனையும் நடக்கும்போது அம்மா மட்டும் சத்தமில்லாமல் நான்கு தாளை முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். காட்டிக் கொடுக்கவில்லை.

சமையல் பாடம் சப்பென்று போனது, ஒரு காட்சி தவிர. டீச்சர் ஒரு தட்டில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தட்டிச் சமன் செய்து வைத்தார். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது இவ்வளவுக்குள்தான் என்றார்.

"ஒரு ஆளுக்குச் சரி. ஒரு வேளைக்கா, ரெண்டு வேளைக்கா?"

"முழு நாளுக்கு. ரொட்டி, பிஸ்கட், சாஸில் இருக்கிறதையும் சேர்த்து."

எல்லாரும் தட்டை நெருங்கிப் பார்த்தார்கள். ஒருவர், கரண்டி சின்னது என்றார். இன்னொருவர், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் இரண்டு கரண்டியா என்று கேட்டார்.

கடைசி வகுப்பில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். சேகரித்து அடுக்கும் வேலை என்னிடம் வந்ததால் சிலதைப் படிக்க நேர்ந்தது. "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பூசணி சார் தன் கொடிக்கு எரு வைக்கும் முறையை அரைப் பக்கம் எழுதியிருந்தார். அம்மா அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். "ஆசிரியர் பற்றி" என்ற கட்டத்தில் மட்டும் அழகான கையெழுத்தில்: "நல்ல பெண். சொன்னால் புரிந்துகொள்கிறது. அடுத்த முறையும் அனுப்பவும்."